குறை சொல்லத் தெரியாத ஊர்

தூத்துக்குடிக் கரையிலிருந்து படகில் ஒன்றரை மணி நேரம் போனால் அலைக்குடி. கடல்மேல் மிதக்கும் ஊர். நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரு பிள்ளையார் கோயில், மாதா சிலை வைத்த ஒரு கெபி, ஒரு தொழுகை அறை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு சாப்பாட்டுக் கூடம். ஊரைத் தாங்கும் மிதவைகளில் காற்று குறைந்தால் நிரப்புவது, கடல்நீரை நல்ல தண்ணீராக்குவது, படகுத்துறைக் கதவைத் திறந்து மூடுவது, கூடத்துக் கொதிகலனைச் சூடேற்றுவது என்று அத்தனையையும் மென்பொருள் பார்த்துக்கொண்டது. அந்த மென்பொருள் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆறாயிரத்துச் சொச்சம் சோதனைகள் இருந்தன. அந்தச் சோதனைகளைப் பார்த்துக்கொள்ளப் பிரகாசி இருந்தாள்.

தினமும் காலை ஐந்தரைக்குச் சோதனைகள் எல்லாம் ஓடி முடிந்து அவளுடைய திரை முழுக்கப் பச்சையாகும். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடச் சிவப்பு வந்ததில்லை. இதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. உழைக்கிறவளுக்கு அந்த அளவுக்குக்கூட இல்லாவிட்டால் எப்படி?

அப்போது அவளுக்கு ஆறு மாதம். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து வந்த பிள்ளை. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்பதைவிட, அது எங்கே பிறக்கும் என்பதுதான் ஊருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. மிதக்கும் ஊர்களுக்கென்று ஓர் ஆணையம் இருந்தது. ஓர் ஊரின் சோதனைகள் போதுமான வலுவோடு இருக்கின்றன என்று தேர்வாளர் சான்று தரும்வரை அங்கே குழந்தைகள் இருக்கக் கூடாது என்பது அதன் சட்டம். பெரியவர்கள் துணிந்து வந்தால் அது அவர்கள் பாடு, குழந்தையைக் கேட்டுக்கொண்டா கூட்டிவருகிறோம் என்பது ஆணையத்தின் நியாயம். அலைக்குடிக்கு அந்தச் சான்று இன்னும் கிடைக்கவில்லை. இப்போது வரும் முதல் தேர்வில் கிடைக்காவிட்டால் அடுத்த தேர்வு இரண்டு வருஷம் கழித்துத்தான். அதுவரை பிரகாசி பிள்ளையோடு கரையில் இருக்க வேண்டும். அவள் கணவன் கஸ்பாரோ, கடலுக்குள் இறங்கி மிதவைகளைப் பழுதுபார்க்கத் தெரிந்த இரண்டே பேரில் ஒருவன். அவனால் ஊரை விட்டு நகர முடியாது.

"ரெண்டு வருஷம்லாம் கண்ண மூடித் திறக்கதுக்குள்ள ஓடிரும்ட்டி," என்றான் கஸ்பார். சொல்லிவிட்டு, கடலில் என்னவோ கிடப்பதுபோல வேறு பக்கம் பார்த்தான்.

தேர்வாளர் ஒரு திங்கட்கிழமை காலைப் படகில் வந்து இறங்கினார். நாச்சியப்பன் என்று பெயர். காரைக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், தோளில் ஒரு பை, வேறு மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் படகுத்துறையின் ஆடும் பாலத்தில் கால் வைத்ததுமே கைப்பிடியைக் கட்டிக்கொள்வார்கள். இவர் கடைத்தெருவில் நடப்பவர்போல நடந்து வந்தார். பிரகாசி தன் பச்சைத் திரையை அவருக்குக் காட்டினாள்.

"ஒன்பது வருஷமா ஒரு சிவப்புகூட வரலையாம்மா?"

"ஒண்ணுகூட வரல சார்."

"எனக்கு பயமா இருக்கே," என்றார் நாச்சியப்பன்.

பாராட்டை எதிர்பார்த்து நின்ற பிரகாசிக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வீட்ல ஒரு நாய் வளர்க்குறீங்க. ஒன்பது வருஷமா அது குரைச்சதே இல்ல. திருடனே வரலையா, இல்ல நாய்க்குக் குரைக்கவே தெரியாதா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"திருடன் வந்தாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் காத்திருக்க முடியுமா? அதனால நானே சுவர் ஏறிக் குதிச்சுப் பார்க்குறேன். அவ்வளவுதான் என் வேலை. உங்க மென்பொருளை நகல் எடுத்துக்குவேன். அதுல வேணும்னே ஒரே ஒரு இடத்துல ஒரு தப்பு பண்ணுவேன். கூட்டல் இருக்குற இடத்துல கழித்தல், 'கூட இருந்தா'ங்கற இடத்துல 'குறைய இருந்தா'. அதைத் திரிபுன்னு சொல்றது. உங்க சோதனைகளை அது மேல ஓட விடுவேன். ஒண்ணாவது சிவப்பாச்சுன்னா திரிபு மாட்டிக்கிச்சு. எல்லாம் பச்சைன்னா திரிபு தப்பிச்சுருச்சு. இப்படி ஒண்ணொண்ணா இருநூறு திரிபு. நூத்தித் தொண்ணூறு மாட்டணும்."

"எங்க சோதனைங்க எல்லாத்தையும் பிடிச்சிரும் சார்," என்றாள் பிரகாசி. அவள் அதை மனதார நம்பினாள்.

நம்புவதற்குக் காரணமும் இருந்தது. அலைக்குடியின் சோதனைகள் எங்கோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து யாரோ எழுதியவை அல்ல. அவை பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்ளும் சின்னச் சின்ன மென்பொருள்கள். எந்தப் பொருளை யார் புழங்குகிறார்களோ அவர்களே அதற்கான சோதனையைப் பழக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். கூடத்தில் சமைக்கும் ரெத்தினபாய் அக்கா கொதிகலன் பக்கத்தில் நின்று தன் சோதனைக்குப் பழக்கினாள். படகுத்துறையைப் பார்த்துக்கொள்ளும் தொம்மை அண்ணாச்சி கதவுச் சோதனைக்குப் பழக்கினார். கணினிக்குள் அலைக்குடியின் நகல் ஒன்று ஓடும். சோதனைகள் தினமும் அதற்குள் போய், தங்களைப் பழக்கியவர்களைப் போலவே ஒரு நாள் வாழ்ந்துவிட்டு, சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு காட்டும். ஊர் ஜனங்களைப் போல ஊரை அறிந்தவர் யார்?

மூன்று நாள் ஓடியது தேர்வு. வியாழக்கிழமை மத்தியானம் நாச்சியப்பன் முடிவைச் சொன்னார். இருநூறில் மாட்டியது அறுபத்தொன்று.

கஸ்பார் இரண்டு தடவை திருப்பிக் கேட்டான், எண் மாறவில்லை.

"ஏன் பிடிக்கலன்னு நீங்களே பாருங்க," என்றார் நாச்சியப்பன். "சோதனைங்க ஒவ்வொண்ணும் தன் நாளைப் பத்திக் குறிப்பு எழுதுமே, படிச்சிருக்கீங்களா?"

படித்ததில்லை. எல்லாம் பச்சையாக இருக்கும்போது குறிப்பை யார் படிக்கிறார்கள்? அன்றைக்குத்தான் முதல்முதலாகத் திறந்தாள். பன்னிரண்டாம் திரிபில் கொதிகலன் சரியாகச் சூடாகவே இல்லை. ரெத்தினபாய் அக்காவின் சோதனை எழுதியிருந்தது: "சாம்பார் கொதிக்க நாற்பது நிமிடம் கூடுதலாகிறது. நாளைக்கு முன்னதாக எழுந்துகொள்ளலாம். பச்சை." முப்பதாம் திரிபில் குளியலறைத் தண்ணீர் பாதியில் நின்றுவிட்டது. "தலைக்குக் குளிப்பதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். பச்சை." நாற்பத்தேழாம் திரிபில் படகுத்துறைக் கதவு ஆள் நுழையும் முன்பே சாத்தியது. "சட்டென்று உள்ளே பாய்ந்துவிட்டால் பிரச்சினை இல்லை. பச்சை." இது தொம்மை அண்ணாச்சியுடையது. அறுபத்தேழு வயதில் அவர் எங்கே பாய்வார்?

படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எண்பத்தெட்டாம் திரிபுக்கு வரும்வரை சிரித்தாள். அதில் மிதவைகளின் காற்றுக் கணக்கு தலைகீழாகி ஊரே இரண்டு பாகை சாய்ந்திருந்தது. சோதனை எழுதியிருந்தது: "கட்டிலின் இரண்டு கால்களுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துக்கொள்ளலாம். பச்சை."

அது அவளே பழக்கிய சோதனை.

"தப்பைக் கண்டுபிடிக்காம இல்லம்மா, எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருக்கு," என்றார் நாச்சியப்பன். "சொல்லத்தான் மாட்டேங்குது. இந்த குணம் அதுங்களுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல."

அவருக்குப் புரியாதது ரெத்தினபாய் அக்காவுக்குப் புரிந்தது. சாயங்காலம் கூடத்தில் பிரகாசி குறிப்புகளை வாசித்துக் காட்டியபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்பராசு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றது. இன்பராசு கொதிகலனுக்கு நிரல் எழுதிய பையன். ஊர் தொடங்கி இரண்டாம் வருஷம், தண்ணீர் சூடாகத் தாமதமாகிறது என்று அக்கா ஒரு புகார் எழுதிப் போட்டாள். ஊர்ச்சபையின் கரை அலுவலகத்துக்கு அது போனது. பத்தாம் நாள் அவனை வேலையை விட்டு எடுத்துப் படகில் ஏற்றிவிட்டார்கள்.

"பெட்டியத் தூக்கிட்டுப் போகும்போதும் 'வாரேன்க்கா'ன்னு சொல்லிட்டுத்தான் போனான். நான் எழுதினதுனாலதான் போறான்னு அவனுக்குத் தெரியாது. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனிமே எந்தப் பிள்ள மேலயும் குறை சொல்லக் கூடாதுன்னு. அப்புறம் யாரும் இந்த ஊர்ல சொன்னதில்லையே. சொன்னா பிரகாசியக் கேப்பாங்க, கஸ்பாரக் கேப்பாங்க. எதுக்கு? நாமளே கொஞ்சம் முன்ன பின்ன சமாளிச்சிக்கிட்டா ஆச்சு."

ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். ஏழு வருஷமாக ஊரில் இருந்த ஒவ்வொருவரும் தனித்தனியாக இதையே செய்துவந்திருக்கிறார்கள். கதவு சரியில்லாதவர் கதவைப் பற்றிச் சொல்லவில்லை, தண்ணீர் வராதவர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பழகிய சோதனைகளும் நல்ல பிள்ளைகளாக அதையே கற்றுக்கொண்டுவிட்டன. பிரகாசிக்கு அந்த ஊர்மேல் அன்பு பொங்கியது. கூடவே, இவ்வளவு நல்லவர்கள் ஒருவரை ஒருவர் காப்பாற்றியே ஊரை மூழ்கடித்துவிடுவார்கள் என்று தோன்றியது.

"சார், திரும்ப ஒரு தடவ தேர்வு வைக்க முடியுமா?" என்று கூடத்தின் மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாச்சியப்பனிடம் கேட்டாள்.

"மூணு வாரத்துல ஒரு மறுதேர்வு உண்டு. இதே இடங்கள்ல திரிபு இருக்கும், சிலது மாறும். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்."

பிரகாசி உட்கார்ந்தபடியே ஊர்ச்சபைக்கு ஒரு தீர்மானம் எழுதினாள். இனி எந்தப் பிழைக்காகவும் யாரையும் கரைக்கு அனுப்பக் கூடாது. சபையின் ஒன்பது பேரும் கை கழுவிய ஈரத்தோடு அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாவதாக அவள் ஒரு வழக்கத்தை உண்டாக்கினாள். யாராவது குறை சொன்னால், அந்தக் குறைக்குக் காரணமானவர் இரண்டு கையாலும் ஒரு மக்ரூனை எடுத்துக் குறை சொன்னவருக்குக் கொடுத்து, "சொன்னதுக்கு சந்தோஷம்" என்று சொல்ல வேண்டும். தூத்துக்குடி மக்ரூன், முந்திரிப்பருப்பு போட்டது, வாயில் வைத்தால் கரைவது. மறுநாள் படகில் ஆறு டின் வந்து இறங்கியது.

முதல் இரண்டு நாள் டின்னைத் திறக்கவே வேலை இல்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "குறைன்னு ஒண்ணும் பெருசா இல்ல" என்று நழுவினார்கள். மூன்றாம் நாள் ரெத்தினபாய் அக்காதான் தொடங்கிவைத்தாள். ஏழு வருஷமாக மனதுக்குள் வைத்திருந்ததைக் கொதிகலன் அறை வாசலில் நின்று ஒரே மூச்சில் கொட்டினாள். இப்போது அதற்கு நிரல் எழுதும் பெண் கண் கலங்க மக்ரூனை நீட்டினாள். அக்கா பாதியைப் பிட்டு அவள் வாயிலேயே ஊட்டிவிட்டாள்.

அப்புறம் மடை திறந்துவிட்டது. துறைப் பாலத்தின் மூன்றாவது பலகை வழுக்குகிறது. மேற்கு வரிசை வீடுகளில் குழாய் இரண்டு நாளைக்கு ஒருதரம் ஊளையிடுகிறது. அதிகாலை அறிவிப்பில் பேசும் குரலுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கோயில் மணி, கெபி மணி, பாங்கு மூன்றுக்கும் ஒரே ஒலிபெருக்கியைக் கொடுத்தது யார்? சொன்னவர்களும் சிரித்தார்கள், கேட்டவர்களும் சிரித்தார்கள். இத்தனை வருஷமாகச் சமாளித்தது எவ்வளவு பெரிய பாரம் என்று இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. குறை சொன்ன கையோடு ஒவ்வொருவரும் தங்கள் சோதனைகளிடம் போய் உட்கார்ந்து, "இதெல்லாம் பொறுத்துக்கக் கூடாது, கத்தணும்" என்று புதிதாகப் பழக்கினார்கள்.

கஸ்பாரும் சும்மா இருக்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு தொண்டையைக் கனைத்தான்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லட்டா? மீன் குழம்புல நீ புளி கூடப் போடுத."

"எப்பல இருந்து?"

"கல்யாணத்துல இருந்து."

நாலு வருஷம்! பிரகாசி அவனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். பிறகு டின்னை எடுத்து வந்து, பல்லைக் கடித்தபடி இரண்டு கையாலும் ஒரு மக்ரூனை நீட்டினாள். "சொன்னதுக்கு சந்தோஷம்." அவன் அதை வாங்கிக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவளுக்கும் கோபம் நிற்கவில்லை.

தொம்மை அண்ணாச்சிதான் கடைசிவரை இழுத்தடித்தார். கதவைக் குறை சொன்னால் கதவுக்கே மனசு கஷ்டப்படும் என்கிற ரகம் அவர். இரண்டாம் வாரக் கடைசியில் அந்தக் கதவு நிஜமாகவே அவர் வேட்டி நுனியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. துறையில் பத்துப் பேர் பார்க்க, வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி கத்திய கத்தலில் கடற்காகங்கள் எல்லாம் எழுந்து பறந்தன. அன்று சாயங்காலமே தன் சோதனையிடம் போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுதேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை மத்தியானம் முடிந்தது. நானூறு பேரும் கூடத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். நாச்சியப்பன் கையில் இருந்த கைக்கணினியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், எந்த உணர்ச்சியும் காட்டாத குரலில் வாசித்தார்.

"மாட்டிய திரிபுகள், நூற்றுத் தொண்ணூறு."

அப்புறம் அவர் சொன்னது எதுவும் யார் காதிலும் விழவில்லை. யாரோ தட்டைத் தட்டினார்கள், யாரோ குலவையிட்டார்கள். கஸ்பார் பெஞ்சின்மேல் ஏறி நின்று ஆடினான். ரெத்தினபாய் அக்கா பிரகாசியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பாயசம் ஏற்கெனவே தயாராக இருந்தது. சான்று வாங்கினாலும் பாயசம், வாங்காவிட்டாலும் பிரகாசிக்கு வழியனுப்பப் பாயசம் என்று அக்கா காலையிலேயே பாலைக் காய்ச்ச வைத்திருந்தாள்.

பிரகாசிக்கு நிற்க முடியவில்லை. ஏழு மாதம் தொடங்கிவிட்டது, காலெல்லாம் வீங்கியிருந்தது. கூடத்தை ஒட்டிய தன் அறைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து, அறிக்கையைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டாள். எந்தத் திரிபை யாருடைய சோதனை பிடித்தது என்று வரிசையாக இருந்தது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவதுபோல ஒவ்வொரு வரியாக ரசித்துப் படித்தாள். பன்னிரண்டு, ரெத்தினபாய். முப்பது, மேற்கு வரிசைப் பெரியசாமி. நாற்பத்தேழு, தொம்மை, வியாழக்கிழமை காலை.

அடுத்த வரிக்குப் போன கண் திரும்பி வந்தது.

தொம்மை அண்ணாச்சி புதன்கிழமைப் படகிலேயே கரைக்குப் போய்விட்டார். பேத்திக்கு மாதா கோயிலில் புதுநன்மைச் சடங்கு. ஊரில் ஒருவர் இல்லையென்றால் அவருடைய சோதனையும் ஓடக் கூடாது, தூங்க வைத்துவிட வேண்டும் என்பது விதி. புதன்கிழமை சாயங்காலம் பிரகாசி தன் கையாலேயே அதைத் தூங்க வைத்தாள். தூங்குகிற சோதனை வியாழக்கிழமை காலையில் எப்படித் திரிபைப் பிடிக்கும்? தேர்வுப் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். நாற்பத்தேழாம் திரிபுக்கு அத்தனை சோதனைகளும் பச்சை. அது தப்பித்துவிட்டது. அறிக்கையில் மட்டும் மாட்டியதாக இருக்கிறது.

நூற்று எண்பத்தொன்பது.

பக்கத்துக் கூடத்தில் கஸ்பாரின் குரல் எல்லாக் குரலையும் தாண்டிக் கேட்டது. பாடத் தெரியாதவன் பாடிக்கொண்டிருந்தான். பிரகாசி கதவைச் சாத்தினாள். யாருக்கும் தெரியாது. தேர்வாளருக்கே தெரியவில்லை. அண்ணாச்சி திங்கட்கிழமை வந்துவிடுவார், அவர் சோதனை எழுந்துவிடும், அந்தக் கதவுத் தப்பையும் அது நிச்சயம் பிடித்துவிடும். அப்படிப் பார்த்தால் இது தப்பே இல்லை. ஒன்றே ஒன்றுதானே, பரவாயில்லை, சமாளித்துக்கொள்ளலாம்.

பச்சை, என்று முடித்தது அவள் மனது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குறிப்புகளில் படித்துச் சிரித்த அதே குரல், அதே வார்த்தை. அழுகை வந்தது. வாய்விட்டே அழுதாள். பிள்ளையைக் கரையில் தனியாக வளர்ப்பதை நினைத்து அழுதாள். கஸ்பார் இப்போது பாடுவதை நிறுத்தப் போகிறானே என்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கைக்கணினியோடு கூடத்துக்கு வந்தாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இருங்க," என்றாள். சத்தம் அடங்கச் சற்று நேரம் ஆனது. "அறிக்கையில ஒரு தப்பு இருக்கு. நாப்பத்தேழு மாட்டல. தொம்மை அண்ணாச்சி டெஸ்ட்டு அன்னைக்கு ஓடவே இல்ல. நான்தான் தூங்க வச்சேன். நமக்கு நூத்தி எம்பத்தொம்பதுதான்."

கையில் பாயசத் தம்ளரோடு நானூறு பேர் அசையாமல் நின்றார்கள். கஸ்பார் பெஞ்சிலிருந்து மெல்ல இறங்கினான். அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்துவிட்டாள். அவன் அவள் பக்கத்தில் வந்து நின்று, அவள் கையிலிருந்த கைக்கணினியை வாங்கிக்கொண்டான். கனமான பொருளை அவள் தூக்கக் கூடாதாம்.

"திங்கக்கிழமைப் படகுல நான் போறேன் சார்," என்றாள் பிரகாசி.

நாச்சியப்பன் தம்ளரைக் கீழே வைத்தார். பாயசம் கொஞ்சம் மேஜையில் சிந்தியது.

"நல்லாப் பார்த்தீங்களாம்மா? பதிவுல ஏதாவது கோளாறா இருக்கும். விட்டுடலாமே?"

"பாத்துட்டேன். விட முடியாது."

"சரி," என்றார் அவர். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உங்க ஊர் நிரல்ல நான் வெச்சது நூத்தித் தொண்ணூத்தொம்பது திரிபுதான். இருநூறாவதை என் அறிக்கை மென்பொருள்ல வெச்சேன். தப்பிச்ச ஒண்ணை மாட்டினதாக் காட்டச் சொல்லி. உங்களுக்கு சாதகமா ஒரு தப்பு வந்தா யாராவது கத்துறீங்களான்னு பார்க்கணும் இல்லையா? அதுவும் சோதனைதான். கத்திட்டீங்க. இருநூறாவது மாட்டிருச்சு. நூத்தி எண்பத்தொம்பதும் ஒண்ணும் எவ்வளவு?"

எல்லாரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். கணக்கு போடத் தெரியாமல் இல்லை, நம்ப முடியாமல். "நூத்தித் தொண்ணூறு!" என்று முதலில் கத்தியது ரெத்தினபாய் அக்கா. முன்னால் போட்டதெல்லாம் கூச்சலே இல்லை என்னும்படி ஒரு கூச்சல் எழுந்தது. ஊரே லேசாக ஆடியது. கஸ்பார் ஆடவில்லை, பாடவில்லை. பிரகாசியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினான்.

அவனைத் தேற்றி உட்கார வைத்தபிறகு பிரகாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகத் தேர்வாளரிடம் போனாள்.

"சார், மாசமா இருக்கிற பொம்பளைய இப்படி அழ வைக்கலாமா?"

"தப்புதாம்மா. ஆனா சட்டம் அப்படி. எல்லா ஊர்லயும் கடைசித் திரிபு அறிக்கையிலதான்."

"எத்தன ஊர்ல வச்சிருக்கீங்க?"

"பதினோரு ஊர். பத்து ஊர்ல அதைப் பார்க்கவே இல்ல. சந்தோஷத்துல யார் அறிக்கையைப் படிக்கிறா? ஒரு ஊர்ல பார்த்தும் சொல்லல. இது பன்னிரண்டாவது."

"பாத்தாங்க, சொல்லலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாச்சியப்பன் சிந்திய பாயசத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"பதினோரு ஊர்னு சொன்னேனே, அதுல பத்துதான் நான் தேர்வு வெச்சது. ஒண்ணுல எனக்கு வெச்சாங்க. கொச்சிக்கு மேற்க ஒரு மிதவை ஊர். உங்க வேலைதான் எனக்கும். என் வீட்டுக்காரிக்கு அப்ப எட்டு மாசம். அறிக்கையில அந்தத் தப்பைப் பார்த்தேன். பார்த்துட்டு, திரையை மூடிட்டுப் போய் எல்லாரோடயும் கை தட்டினேன். அரை மணி நேரம் கழிச்சுத் தேர்வாளர் உண்மையைச் சொன்னாங்க. ஒண்ணு குறைஞ்சு போச்சு. அவளைக் கரைக்கு அனுப்பினேன். என் மகளை நான் முதல்தடவை பார்த்தப்ப அவ நடந்து வந்து கை கொடுத்தா."

இன்னும் கொஞ்ச நேரம் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தால் பிரகாசியும் திரையை மூடியிருப்பாள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அவர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். "பன்னிரண்டு வயசாகுது இப்ப. ஒவ்வொரு ஊர் முடிஞ்சதும் கேட்பா, 'யாராவது சொன்னாங்களாப்பா'ன்னு. இல்லம்மா, இல்லம்மான்னு சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துப் போச்சு." எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். கூடத்தின் இரைச்சலில் மறு காதைப் பொத்திக்கொண்டார். "கண்ணு, அப்பாதான். சொன்னாங்கம்மா. ஒருத்தங்க சொல்லிட்டாங்கம்மா!"

கைபேசியைப் பிரகாசியிடம் நீட்டினார். அதில் ஒரு சிறுமி கத்திக்கொண்டிருந்தாள். யாரையோ கூப்பிட்டு, "அம்மா, அப்பா போன ஊர்ல ஒருத்தங்க சொல்லிட்டாங்களாம்" என்று வீடு முழுக்க ஓடுவது கேட்டது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்களா சொன்னது?"

"ஆமாம்மா, நான்தான்."

"உங்களுக்கு பயமா இல்லையா?"

பிரகாசி கூடத்தைப் பார்த்தாள். கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பெஞ்சில் ஏறப் பார்த்தான், ரெத்தினபாய் அக்கா அவனைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சும்மா," என்றாள். "ரொம்பவே இருந்துச்சு."